ஒரு கெண்டையும் மிச்சம் வைக்கவில்லை

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து வந்தவன், பெற்ற என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உன் மாமன் மாதையன் வீட்டுக்குப் போய்த் தாம்பாளத்தில் உன் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு ரயிலேறிவிட்டாய். மொரப்பூர் ஸ்டேஷனில் உன்னை ஏற்றிவிட்டு வந்த உன் சிநேகிதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாய்மாமன் வராமல் மாலை மாற்றக் கூடாது என்று பெண் வீட்டார் சொன்னார்களாம். ஒரே ஊரில் நாலு தெரு தள்ளி இருக்கிற அக்காவும் தம்பியும் ஏன் ஏழு வருஷமாய் முகம் பார்ப்பதில்லை என்று கேட்டார்களாம். உனக்குப் பதில் தெரியவில்லை. அது உன் குற்றமில்லை, நான் சொன்னதில்லை. உன் அப்பா சொல்லவே மாட்டார். நேரில் சொன்னால் பாதியில் என் குரல் உயர்ந்துவிடும். "போதும்மா" என்று நீ எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். நீ படித்துவிட்டு, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் கொடு. அவளைப் பெற்றவர்களும் படிக்கட்டும். யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன் அப்பாவுக்கு வலது கை மணிக்கட்டோடு போனதற்கு உனக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. வாய்க்காலில் மீனுக்கு வெடித்தோட்டா போட்டார், கையிலேயே வெடித்தது, மூன்று மாதம் ஜெயிலில் இருந்தார் என்பது அந்தக் கதை. பள்ளிக்கூடத்தில் உன்னைத் 'தோட்டாக்காரன் மவன்' என்று கூப்பிட்டார்கள். நீ அழுதுகொண்டு வந்து கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கதை பொய். அதைச் செய்தவன் உன் மாமன்.

உன் அப்பா தோட்டாவைக் கையால் தொட்டவர் இல்லை. சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு வாய்க்கால் மீன். அணைக்கட்டு வாய்க்கால் நம் ஊரைத் தாண்டுகிற இடத்தில் ஷட்டர் இருக்கிறதே, அதற்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து பறித்த மடு ஒன்று உண்டு. வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தினாலும் மடு வற்றாது. மேலிருந்து வந்த பெரிய மீனெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். கட்லா, ரோகு, மிர்கால் என்று அவர் ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்வார். ஊருக்கு எல்லாமே கெண்டைதான். சின்ன மீனை அவர் ஏறிட்டும் பார்க்கமாட்டார். மூன்று நாள் புண்ணாக்கையும் தவிட்டையும் உருட்டிப் போட்டு, நாலாம் நாள்தான் தூண்டிலை எடுத்துக்கொண்டு போவார். "பெரிய கெண்டைய வெரட்டிப் புடிக்க முடியாது புள்ள. நம்ம எடத்துக்குப் பழக்கணும்" என்பார். மத்தியானச் சோறு கொண்டுபோகிற சாக்கில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தக்கை லேசாய்ச் சாயும். அவர் மூச்சு நின்றுவிடும். கல்யாணமான புதிதில் எங்களுக்கு இருந்த சந்தோஷம் பூராவும் அந்தக் கரையில்தான் இருந்தது.

மாதையன் அப்போது கிணறு வெட்டுகிறவர்களோடு வேலைக்குப் போனான். பாறை உடைக்கிற தோட்டா அவன் கைக்குச் சுலபமாய் வரும். தருமபுரி தனி மாவட்டமாகி ஒரு வருஷம் இருக்கும். ஒரு பங்குனி மாதம், வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். உன் அப்பா மூன்று நாள் இரை போட்டு மீனைக் கூட்டி வைத்திருந்தார். நாலாம் நாள் மத்தியானம் அவர் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும்போது மாதையன் இரண்டு கூட்டாளிகளோடு வந்தான். கூட்டி வைத்திருக்கிற மீன் மொத்தத்தையும் ஒரே வெடியில் அள்ளிவிடலாம் என்பது அவன் கணக்கு. "வேணாம் மாதையா, குஞ்சு குளுவான்லாம் செத்துப் போவும்" என்றாராம் இவர். "நீங்க ஒண்ணு மாமா, வருசம் பூரா உக்காந்து ஒத்த மீனு புடிக்கிறீங்க" என்று சிரித்துக்கொண்டே பற்றவைத்திருக்கிறான். பற்றவைத்தவனுக்கு என்ன ஆயிற்றோ, தன் காலடியிலேயே போட்டுவிட்டான். கூட்டாளிகள் ஓடிவிட்டார்கள். இவன் மரம் மாதிரி நின்றுவிட்டான். உன் அப்பா எழுந்து ஓடி, அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, தோட்டாவை எடுத்துத் தண்ணீரில் வீசப் பார்த்தார். அது கையைவிட்டுப் போகும் முன்பே வெடித்துவிட்டது. மாதையனுக்கு ஒரு கீறல் இல்லை. எழுந்தான், ஓடினான்.

எங்கே ஓடினான் தெரியுமா? நேராக நம் வீட்டுக்கு. நான் ராகி புடைத்துக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் சேறு, சட்டையில் ரத்தம். பானையில் இருந்த தண்ணீரைச் சொம்பு சொம்பாய்க் குடித்துவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டான். "அக்கா, மாமாவுக்கு அடிபட்டுடுச்சு. நான்தாங்க்கா கொளுத்துனேன். என்னெப் புடிச்சிக் குடுத்துடாதக்கா. மூணு நாளு பொறு, நானே ஸ்டேசனுக்குப் போயிச் சொல்லிடறேன்." நான் முறத்தைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்கு ஓடினேன். அதற்குள் வழியில் போன ஒரு மாட்டுவண்டிக்காரர் உன் அப்பாவைத் துண்டால் கட்டி வண்டியில் ஏற்றியிருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. மயக்கம் தெளிந்த உன் அப்பா நடந்ததை நடந்தபடி சொன்னார். அப்புறம் ஊருக்கு வந்து விசாரித்தார்கள். கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: தோட்டா அவரே எங்கிருந்தோ கொண்டுவந்தது, மாதையன் அன்றைக்கு வாய்க்கால் பக்கமே வரவில்லை. அப்புறம் என்னைக் கேட்டார்கள். "ஏம்மா, உந்தம்பி அன்னிக்கி எங்க இருந்தான், உனக்குத் தெரியுமா?" வீட்டு மூலையில் அவன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன ரத்தச் சட்டை கிடந்தது. மூன்று நாள் கேட்டிருக்கிறானே, அவனே போய்ச் சொல்லட்டும், நானாக ஏன் கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். "தெரியாதுங்க" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, தம்பி. கோர்ட்டில் என்னைக் கூப்பிடவே இல்லை. சொந்தப் பெண்டாட்டியே புருஷன் சொன்னதற்கு ஒத்து வரவில்லை என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்று நாள் ஆயிற்று, ஆறு நாள் ஆயிற்று. அவன் வீட்டுக்குப் போய், "எப்படா ஸ்டேசனுக்குப் போற?" என்று கேட்டேன். தலை சீவிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே சொன்னான்: "எந்த ஸ்டேசனுக்கு? நான் அங்க இல்லவே இல்லக்கா." பயந்த முகமில்லை அது, வெறும் சாதாரண முகம். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. மறக்கவும் போவதில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற உனக்கு ஒன்று சொல்கிறேன். உன் பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேச வேண்டிய இடம் வரும். எதிரில் நிற்பவன் உன் ரத்தமாகவும் இருப்பான். அன்றே பேசிவிடு. மறுநாளுக்கு வைத்தால் அந்த வார்த்தை செல்லாது.

உன் அப்பா மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். ஒற்றைக் கையால் டயர் கழற்ற முடியவில்லை, கடை போயிற்று. எனக்குப் பால்வாடி வேலை கிடைத்ததால் சோறு தின்றோம். அவர் வாய்க்கால் பக்கம் போவதை விட்டார், மாதையனைப் பற்றிப் பேசுவதையும் விட்டார். "சின்னப் பையன், பயந்துட்டான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்போது எனக்கு மாதையன் மேல் வந்த கோபத்தில் பாதி, அவனை மன்னித்த இந்த மனுஷன் மேலும் வந்தது.

நாலு வருஷம் கழித்து மாதையன் அந்த மடுவையே மீன் குத்தகைக்கு எடுத்தான். என் புருஷன் கை போன இடத்தையே எடுத்தான் என்பதைக் கவனி. மீன் குஞ்சு வாங்கி விட்டான். இரண்டு வருஷத்தில் கட்லாவும் ரோகுவும் கொழுத்து வளர்ந்தன. பாப்பாரப்பட்டிப் பக்கம் பார்வதி என்ற பெண்ணை அவனுக்கு நிச்சயம் பண்ணினார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்கு மீன்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். "எங் கல்யாணத்துல ஒவ்வொரு எலையிலயும் கட்லாத் தல விழும் பாருங்க" என்று டீக்கடையில் அவன் சொன்னது என் காதுக்கு வந்தது. அன்றைக்கே பரணிலிருந்து உன் அப்பாவின் மூங்கில் தூண்டிலை இறக்கினேன். நீ அப்போது அரூர் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்கு இது தெரியாது. உன் அப்பா பார்த்தார். "எதுக்கு அது?" என்றார். "மீன் புடிக்க" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

பால்வாடி மத்தியானத்தோடு முடியும். அப்புறம் பொழுது சாயும்வரை மடுவில்தான் இருந்தேன். முதல் வாரம் ஒன்றும் விழவில்லை. ராகிக் களியைக் கெட்டியாய்க் கிண்டி, வறுத்த கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்துப் பிசைந்தேன். களி இளகலாய் இருந்தால் முள்ளில் நிற்காது. ரொம்பக் கட்டியாய் இருந்தால் கட்லா உறிஞ்சாமல் விட்டுவிடும். பத்து நாள் ஆயிற்று பதம் பிடிபட. முதல் மீன் இழுத்தபோது நைலான் நரம்பு என் ஆள்காட்டி விரலை எலும்புவரை அறுத்தது. விடவில்லை. பெரிய கெண்டை சிக்கினதும் ஷட்டர் கல்லைப் பார்த்து ஓடும். கல்லில் நரம்பு உரசினால் போச்சு. அதற்கு முன்னால் திருப்ப வேண்டும். ஓடவிட்டு, இழுத்து, மறுபடி ஓடவிட்டு, அது களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தபோது முழங்கால் தண்ணீரில் இறங்கிச் செவுளில் விரலைக் கொடுத்துக் கரையில் தூக்கிப் போட்டேன். ஆட்டுக்குட்டி கனம் இருந்தது. அது துள்ளத் துள்ள நான் பக்கத்தில் நின்று, "நான் அங்க இல்லவே இல்லன்னியே, நான் அங்க இல்லவே இல்லன்னியே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவை நீ அப்படிப் பார்த்ததில்லை.

அந்த மீனை நான் விற்கவில்லை, நம் வீட்டிலும் சமைக்கவில்லை. துண்டு போட்டுத் தெருவில் வீடு வீடாய்க் கொடுத்தேன். பொய் சொன்ன கூட்டாளிகள் வீட்டுக்கும் கொடுத்தேன். மாதையன் வீட்டை மட்டும் தாண்டிப் போனேன். தின்ற வாய் எனக்கு எதிராய்ப் பேசாது என்று தெரியும். அடுத்தடுத்து மீன் விழ ஆரம்பித்தது. ஒரு பொம்பளை தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலில் சிரித்தவர்கள், பிற்பாடு சட்டியோடு காத்திருந்தார்கள்.

ஒரு நாள் மாதையனே கரைக்கு வந்தான். வெயில் சுள்ளென்று அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, இது எங் குத்தகைக்கா."

"எந்த எடம்டா?"

"இந்த மடுதாங்க்கா. ஊருக்கே தெரியும்."

"இந்த எடத்துக்கு நீ வந்ததே இல்லியே மாதையா. போலீசு கேட்டப்ப அப்படித்தான சொன்ன? வராத எடத்துல உனக்கு ஏதுடா குத்தகை?"

 நாலு பேர் கேட்கிற தூரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். "என்ன வேணும் உனக்கு?" என்று மெதுவாய்க் கேட்டான். "ஊருக்கு முன்னால ஒரு வார்த்த. நான்தான் கொளுத்துனேன்னு சொல்லு. தூண்டில இப்பவே ஒடிச்சிப் போட்டுட்டுப் போறேன்" என்றேன்.  அவன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குச் சொல்லியிருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும். அவனுக்கு மீன் போனாலும் பரவாயில்லை, மானம் போகக் கூடாது. சரி, மானத்தையே எடுக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மடுவில் மிச்சமிருந்த பெரிய கட்லா சிக்கியது. மத்தியானம் பிடித்த இழுபறி வெயில் தாழும்வரை நடந்தது. கையில் சுற்றியிருந்த துணி கிழிந்து ரத்தம் தண்ணீரில் விழுந்தது. கரையில் ஏற்றியபோது அதன் தலை என் தலையைவிடப் பெரிதாய் இருந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சிரித்தேன். அதையும் வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்தில் நான் குறை வைக்கவில்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போய், அக்காவாக நின்று, பார்வதியின் கழுத்தில் நாத்தனார் முடிச்சும் போட்டேன். மறுநாள் காலையில் மாதையனின் ஆட்கள் மடுவில் வலை இறக்கினார்கள். விரல் நீளக் குஞ்சுதான் ஏறியது. மறுபடி இறக்கினார்கள். பாசிதான் வந்தது. பெண் வீட்டார் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். இலையில் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் விழுந்தன. பார்வதியின் பெரியப்பா இலையைப் பார்த்துவிட்டு, "ஏங்க மாப்ள, கட்லாத் தல எங்கீங்க? எங்க வூட்டுப் பொண்ணையும் இப்படித்தான் சொல்லிச் சொல்லியே வெச்சிக்குவீங்களா?" என்று சத்தமாய்க் கேட்டார். பந்தியே சிரித்தது. மாதையன் என்னைப் பார்த்தான். நான் இலையில் இருந்த கத்திரிக்காயை ருசித்துச் சாப்பிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், தம்பி. அதற்குப் பிறகு அவ்வளவு ருசியாய் நான் எதையும் சாப்பிட்டதில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்தச் சிரிப்பை மாதையனால் என்னிடம் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பார்வதியிடம் கொடுத்தான். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பந்தி அவனுக்கு நினைவு வந்திருக்கிறது. வாய் வார்த்தை, அப்புறம் கை. வருஷத்தில் பாதி நாள் அவள் பாப்பாரப்பட்டியில் இருந்தாள். ஒரு தடவை அரூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நான் நகரப் பார்த்தேன், அவளே கிட்ட வந்தாள். "நீங்க ஏன் அப்பிடிப் பண்ணீங்கன்னு இங்க வந்தப்பறம் எல்லாரும் சொன்னாங்க அண்ணி. அவருக்குப் பண்ணீங்க, சரி. நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?" என்றாள். அவள் கன்னத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்தது.  தருமபுரி பஸ் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள். பழி வாங்காதே என்று உனக்கு நான் சொல்லப் போவதில்லை, சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அடிக்கிற அடி யார் மேல் விழும் என்று ஒரு தடவை பார்த்துக்கொள். நான் பார்க்கவில்லை. பார்வதி விஷயத்தில் நான் செய்தது பாவம். மாதையன் விஷயத்தில் செய்தது போதாது.

இப்போது நீ பத்திரிகை வைத்த கதைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் மாதையன் வந்தான். ஏழு வருஷத்துக்கு அப்புறம் நம் வாசல் ஏறினான். தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது. உன் அப்பா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தார்.

"மருமவனே வந்து கூப்பிட்டுட்டான்க்கா. நான் வராம இருக்க முடியுமா?" என்றான்.

"வா. வந்து சபையில சொல்லு. அப்பறம் மாலைய எடுத்துக் குடு."

"இன்னுமா அத வுடல நீ?"

"நீ சொல்லவே இல்லியே. நான் எப்படி வுடறது?"

 அவன் நிதானமாய்ச் சொன்னான். "சொல்றேன்க்கா. நான்தான் கொளுத்துனேன்னு சொல்றேன். நேரா உன்னாண்டதான் ஓடியாந்தேன்னும் சொல்றேன். போலீசு கேட்டப்ப நீ என்ன சொன்னன்னு மாமாவுக்குத் தெரியுமா? அதையும் சேத்துச் சொல்லிடட்டுமா?"

போலீசே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், இத்தனை வருஷமாய் அவன் அதைப் பத்திரமாய் வைத்திருந்திருக்கிறான்.  சொல்லிவிட்டுப் படி இறங்கினான். அவன் போன பிறகு ஒன்று புரிந்தது. அவன் கையில் இருக்கிற அந்தக் கத்தியை நான்தான் பிடுங்க வேண்டும். அதற்கு ஒரே வழி, நானே சொல்லிவிடுவது. உன் அப்பா தழைக்கட்டை இறக்கி வைத்ததும் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தச் சட்டையைச் சொன்னேன், மூன்று நாள் தவணையைச் சொன்னேன், 'தெரியாதுங்க' என்றதையும் சொன்னேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அவன் நம்ம வூட்டுக்கு வந்தப்ப நான் எங்க இருந்தேன்?"

"வாய்க்காக் கரையிலதான் கெடந்தீங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், "அவன் பயந்து ஓடுனான். அது எனக்கு அப்பவே புரிஞ்சிது. நீ பயப்படல. யோசிச்சு சொல்லியிருக்க" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

இன்றோடு நாலு நாள் ஆகிறது. என்னோடு பேசவில்லை. கையை எடுத்தவனை ஒரே வார்த்தையில் மன்னித்த மனுஷன் என்னை மன்னிக்கவில்லை. அவர் செய்வது சரி என்றே எனக்குப் படுகிறது. ஜெயிலிலிருந்து வந்த நாள் முதல் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது நான்தான். இந்த நாலு நாளாய்த் தானே இடது கையால் போட்டுக்கொள்கிறார். கழுத்துப் பொத்தான் மட்டும் மாட்டமாட்டேன் என்கிறது. நான் கிட்டப் போனால் நகர்ந்துகொண்டு, திறந்த கழுத்தோடு தெருவில் இறங்கிவிடுகிறார்.

உன் மாமன் கல்யாணத்துக்கு வரட்டும், தடுக்க மாட்டேன். சபை நிறைந்ததும் முதலில் நான் எழுந்து என்னுடையதைச் சொல்வேன். அதற்கப்புறம் அவன் மறைந்துகொள்ள ஒன்றும் இருக்காது. அவனுடையதை அவன் சொன்ன பிறகுதான் மாலை அவன் கைக்குப் போகும். சொல்லாவிட்டால், உன் பெண் வீட்டார் என்ன நினைத்தாலும் சரி, மாலையை நான் கொடுக்க விடமாட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் இதில் மாற்றமில்லை.

நீ இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. அப்பாவுக்குப் புதுச் சட்டை தைத்து வந்திருக்கிறது. அன்று காலையில் கழுத்துப் பொத்தானை நீ போட்டுவிடு. என்னைக் கூப்பிடாதே. நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருப்பேன். அவராகக் கூப்பிட்டால் வருகிறேன்.